தேருக்கு அகலம், பாவுக்கு நீளம்: பிள்ளையார்பாளையம் வழியே ஒரு நடைவழி

காஞ்சிபுரத்தைப் பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் அந்நகரத்தை ஒரே பகலில், வாகனத்தில் அமர்ந்தபடி, ஐந்தாறு கோயில்களாகவும் காந்தி சாலையிலுள்ள ஒரு பட்டுக்கடையாகவும் பார்த்துத் திரும்புகின்றனர். கோயில் வாசலில் இறங்கி, தரிசனம் முடித்து, மீண்டும் வண்டியேறி அடுத்த கோயில் வாசலில் இறங்கும் இந்த முறையில், இரண்டு கோயில்களுக்கு இடையே கிடக்கும் ஊர் முழுவதும் கண்ணில் படாமலே போய்விடுகிறது. நகரத்தின் நடுவிலுள்ள ராஜ வீதிகளில் தொடங்கி, நெசவாளர் குடியிருப்பான பிள்ளையார்பாளையத்தின் ஊடாக, மேற்கு ஓரத்திலுள்ள கைலாசநாதர் கோயிலில் முடியும் ஒரு நடைவழி அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கக் கூடியது. ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வழியில் மேடோ படிக்கட்டோ இல்லை. முதியவர்களும் சிறுவர்களும் ஒரு காலைப் பொழுதில் நிதானமாக நடந்து முடிக்கலாம். காஞ்சியின் தெருக்கள் ஏன் இந்த வடிவில் அமைந்தன என்ற கேள்விக்கு விடை தேடுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றுக்கு வடக்கே, அதன் துணையாறான வேகவதியின் கரையில் அமைந்த இந்நகரம் மரபாகச் சில பகுதிகளாகப் பிரித்து அறியப்படுகிறது. ஏகாம்பரநாதர் கோயிலையும் காமாட்சியம்மன் கோயிலையும் உள்ளடக்கிய பகுதி பெரிய காஞ்சிபுரம்; வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்த கிழக்குப் பகுதி சின்ன காஞ்சிபுரம்; வேகவதிக்கு அப்பால் சமணக் கோயில்கள் நிற்கும் திருப்பருத்திக்குன்றம் ஜின காஞ்சி. இம்மூன்றும் சமயத்தால் பெயர் பெற்றவை. பெரிய காஞ்சிபுரத்தை ஒட்டி மேற்கே விரிந்த பிள்ளையார்பாளையமோ தொழிலால் அறியப்படுவது. ஊரைச் சுற்றிக்காட்டும் கையேடுகளில் கைலாசநாதர் கோயிலின் முகவரியில் மட்டுமே அதன் பெயர் தென்படுவது வருத்தத்துக்குரியது. காஞ்சிபுரம் என்றதும் நினைவுக்கு வரும் சேலையை உருவாக்கிய கைகளில் கணிசமானவை அந்தத் தெருக்களுக்கு உரியவை.

காஞ்சியின் தெரு அமைப்பு அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது புதிதன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நகரமைப்புச் சிந்தனையாளர் பேட்ரிக் கெடிஸ் 1914-இல் இந்தியாவுக்கு வந்தபின், தென்னிந்தியக் கோயில் நகரங்களை நேரில் ஆராய்ந்து, அவற்றுள் காஞ்சியை மிக உயர்வாக மதித்தார். பண்டைத் தக்காணத்தின் நகரமைப்பைப் பற்றி சி. பி. வேங்கடராம அய்யர் எழுதி 1916-இல் வெளிவந்த நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் அவரே. நூறு ஆண்டுகளுக்குப் பின், 2021-இல், கலை வரலாற்றாசிரியர் எம்மா நடால்யா ஸ்டெய்ன் காஞ்சியின் உருவாக்கத்தைப் பற்றிய தம் நூலில், பல்லவர், சோழர் காலக் கோயில்களின் இருப்பிடமும் அவை நோக்கும் திசையும் ஒரு நடுப் பெருவழியை அனுசரித்தே தீர்மானிக்கப்பட்டன என்றும், அந்தப் பெருவழியே யாத்திரை வழியாகவும் வளர்ந்தது என்றும் வாதிட்டார். கோயில்களைத் தனித்தனிக் கட்டடங்களாக அளந்து வந்த ஆய்வு, அவற்றை இணைக்கும் வழிக்குத் திரும்பியிருப்பது வரவேற்கத் தக்க மாற்றம். காஞ்சியை உருவாக்கியவர்கள் நடந்தே வழிபட்டவர்கள். ஆகவே அந்நகரத்தைப் புரிந்துகொள்ளவும் நடந்தாக வேண்டியிருக்கிறது.

நடையைத் தொடங்க உகந்த இடம், பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள உலகளந்த பெருமாள் கோயில். ஓங்கி நின்று ஒரு காலை உயர்த்திய திருவிக்கிரமத் திருமேனியால் புகழ்பெற்ற இக்கோயில் வளாகத்தினுள் ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் என நான்கு திவ்விய தேசங்கள், அதாவது ஆழ்வார்களின் பாடல் பெற்ற திருத்தலங்கள், அடங்கியுள்ளன. ஆயினும் நெசவாளர் தெருக்களை நோக்கிச் செல்லும் ஒருவருக்கு இக்கோயில் வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் உத்தம சோழனின் செப்பேடுகள், பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கச்சிப்பேடு என்று வழங்கிய இந்நகரத்தின் ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்குச் செய்யப்பட்ட ஏற்பாடுகளை விரிவாகப் பதிவு செய்கின்றன. நகரத்தில் நிறுத்தும் அளந்தும் விற்கப்படும் பொருள்களின் மேல் வசூலிக்கப்பட்ட கூலி கோயிலுக்கு உரியதாக்கப்பட்டதையும், கோயிலின் முதலீட்டை வட்டிக்குப் பெற்ற குடியிருப்புகளையும் கூறும் அந்தச் செப்பேடுகள், கோயிற் காரியங்களைக் கண்காணித்துக் கணக்கு வைக்கும் பொறுப்பை நகரின் நான்கு நெசவாளர் சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர்களிடம் ஒப்படைக்கின்றன. சேரி என்னும் சொல் அக்காலத்தில் ஒரு தொழிலார் அல்லது குழுவினர் சேர்ந்து வாழ்ந்த குடியிருப்பைக் குறித்தது. பட்டசாலியர் என்போர் அரசனுக்கான ஆடைகளை நெய்ய அமர்த்தப்பட்ட நெசவாளர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்தச் சான்று இரண்டு செய்திகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, காஞ்சியில் நெசவாளர் குடியிருப்பு கோயிலைச் சார்ந்து வாழ்ந்ததோடு நில்லாமல் கோயிலின் பொருளாதாரத்தையே தாங்கிப் பிடித்தது; கூலிக்குத் துணி நெய்து கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்ற மக்களாக அவர்களைக் கருத முடியாது. இரண்டாவது, நகரம் அப்போதே தொழில் வாரியான குடியிருப்புகளாக ஒழுங்குபட்டிருந்தது. அந்த நான்கு சேரிகளில் ஒன்றுதான் இன்றைய பிள்ளையார்பாளையம் என்று முடிச்சுப் போடுவதற்குச் சான்று போதாது. அத்தகைய எளிய தொடர்ச்சிகளைக் கட்டுவது வரலாற்றுக்கு நன்மை செய்யாது. பண்டைக் காஞ்சியின் நெசவு பெரும்பாலும் பருத்தியைச் சார்ந்தது. பட்டு இந்நகரின் முதன்மைத் தொழிலானது அண்மைய நூற்றாண்டுகளில்தான். மாறாமல் வந்திருப்பது இழையின் வகையன்று, கோயில் வீதிக்கு அருகிலேயே தறி இருக்கும் நகர ஒழுங்கு.

உலகளந்த பெருமாள் கோயிலிலிருந்து காமாட்சியம்மன் கோயிலும், அங்கிருந்து மேற்கு ராஜ வீதியிலுள்ள குமரகோட்டமும், பின்னர் ஏகாம்பரநாதர் கோயிலும் சில நிமிட நடைத் தொலைவில் அடுத்தடுத்து வருகின்றன. காஞ்சியின் சிவாலயங்களில் அம்மனுக்குத் தனிச் சன்னதி அமைப்பதில்லை என்பதும், நகரம் முழுமைக்கும் காமாட்சியே அம்மன் என்பதும் ஊர் மரபு. சிவனுக்கும் அம்மைக்கும் நடுவே முருகன் அமர்ந்திருக்கும் சோமாஸ்கந்த வடிவத்தையே ஏகாம்பரநாதர், குமரகோட்டம், காமாட்சி ஆகிய மூன்று கோயில்களின் இருப்பிடமும் காட்டுகிறது என்று பக்தர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். இப்போதுள்ள கட்டடங்கள் வெவ்வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாதலால் இதை ஒரே காலத்துத் திட்டமாகக் கொள்ள முடியாது. இருப்பினும் இவ்விளக்கம் ஒரு நகரத்தின் வரைபடத்தையே திருமேனியாகக் கண்ட மனத்தைக் காட்டுகிறது. நடந்து செல்பவருக்கு மட்டுமே புலப்படக்கூடிய காட்சி அது. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய இடமாக மரபு குறிப்பதும் குமரகோட்டத்தையே.

ராஜ வீதிகள் என்பன காமாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த பகுதியை நான்கு திசையிலும் வளைத்துச் செல்லும் அகன்ற தெருக்கள். இன்று இவற்றின் இருமருங்கிலும் கடைகளும் வங்கிகளும் நெருங்கி நின்றாலும், தெருவின் அகலத்திலும் மூலைகளின் திருப்பத்திலும் தேரின் தேவையைக் காணலாம். வடம் பிடித்து இழுக்கப்படும் மரத்தேர் குறுகிய தெருவில் நுழையாது, கூர்மையான வளைவில் திரும்பாது, மேடு பள்ளத்தைத் தாங்காது. தேரை இழுப்போர் நிற்கவும் காண வந்தோர் ஒதுங்கவும் இடம் வேண்டும். மாசியில் காமாட்சிக்கும் பங்குனியில் ஏகாம்பரநாதருக்கும் நடைபெறும் பெருவிழாக்களும், வைகாசியில் கருட வாகனத்தின் மீது சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரத்தின் கங்கைகொண்டான் மண்டபம் வரை எழுந்தருளும் வரதராசரின் ஊர்வலமும் இந்தத் தெருக்களை ஆண்டுதோறும் பொது இடமாக மீட்டெடுத்துக் கொடுக்கின்றன. ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு வாசலில், 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய, ஏறத்தாழ 59 மீட்டர் உயரமுள்ள ஒன்பது நிலை ராஜகோபுரம் இத்தெருக்களில் நடப்பவருக்குத் திசை காட்டும் அடையாளமாகவும் உதவுகிறது.

இங்கிருந்து மேற்காகத் திரும்பினால் நகரத்தின் இயல்பு மாறத் தொடங்குகிறது. கைலாசநாதர் கோயிலை நோக்கிச் செல்லும் தெரு எஸ்.வி.என். பிள்ளை தெரு என்று பலகைகளில் காணப்படுகிறது. அம்மூன்று எழுத்துகளும் சங்கீத வித்வான் நாயனா என்பதன் சுருக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) தாளக் கணக்கில் அசாத்தியமான தேர்ச்சி கொண்ட வாய்ப்பாட்டுக் கலைஞர்; மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பல தாளக் கருவியாளர்களை ஒரே மேடையில் அமர்த்திப் பாடிய அவருடைய கச்சேரிகள் ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகள் என்று பெயர் பெற்றன. அவருடைய சிற்றன்னையான காஞ்சிபுரம் தனகோடி அம்மாளும் தம் காலத்தின் புகழ்பெற்ற பாடகி. ஒரு தெருப்பலகையில் முழுப்பெயரை எழுதினால் ஓர் இசை மரபு முழுவதும் நடப்பவர் கண்ணில் படும். மாநகராட்சிக்கு இது பெரிய செலவன்று.

பிள்ளையார்பாளையத்தினுள் நுழைந்ததும் கண்ணுக்கு முன்பாகக் காதுக்கே அடையாளம் கிடைக்கிறது. குறுகிய முகப்பும் நீண்ட உட்புறமும் கொண்ட பழைய வீடுகளின் முன்கூடத்திலோ அதற்கடுத்த அறையிலோ தறி இருக்கும்; அறைத் தரையில் தோண்டப்பட்ட குழியில் காலைத் தொங்கவிட்டு, குழிக்குள்ளிருக்கும் மிதிகட்டைகளை மிதித்தபடி நெசவாளர் நெய்வதால் அதற்குக் குழித்தறி என்று பெயர். நிலத்தின் ஈரம் இழை உலர்ந்து அறுபடாமல் காக்கிறது என்பது நெசவாளர் அனுபவம். வெயில் நேரே பட்டால் சாயத்துக்கும் இழைக்கும் கேடு. ஆகவே தறியிருக்கும் அறை அரையிருளாகவே இருக்கும். இந்த வீட்டமைப்பில் நெசவுக்குத் தேவையான எல்லாம் உண்டு, ஒன்றைத் தவிர. அதற்குத் தெரு வேண்டும்.

சேலையின் நீளவாட்டில் ஓடும் இழைகளின் தொகுதி பாவு. குறுக்கே நாடாவால் செலுத்தப்படும் இழை ஊடை. ஒரு பாவு பெரும்பாலும் மூன்று சேலைகளுக்கு வேண்டிய நீளத்தில் அமைக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான பட்டிழைகளைக் கொண்ட அந்தப் பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன் அதை முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, இழைகளின் வரிசை குலையாமல் கோல்களைக் கொடுத்து, அறுந்த இழைகளை முடிந்து, அரிசிக் கஞ்சி தெளித்து உலர வைத்துச் சுருட்ட வேண்டும். இந்த வேலைக்கு எந்த வீட்டின் கூடமும் போதாது. ஆகவே விடிந்தும் விடியாத பொழுதில், வெயில் ஏறுமுன், தெருவின் நடுவே பாவு நீட்டப்படுகிறது. ஒரு வீட்டின் பாவுக்கு அண்டை வீட்டார் துணை நிற்பதும், அடுத்த நாள் அவர்களுடைய பாவுக்கு இவர்கள் நிற்பதும் வழக்கம். தேருக்குத் தெருவின் அகலம் தேவைப்பட்டது. பாவுக்கோ தடையில்லாத, வளைவில்லாத நீளம் தேவைப்பட்டது. ராஜ வீதிகளையும் பிள்ளையார்பாளையத்தின் தெருக்களையும் ஒரே காலையில் நடந்து ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெளிவாக விளங்கும். நெசவாளர் தெருவை வீட்டுக்கு வெளியேயுள்ள வெற்றிடமாக எண்ணுவது பிழை. பட்டறையின் ஒரு பகுதி தெருவில் இருக்கிறது.

நெசவின் நுட்பத்தில் காஞ்சிக்கு அடையாளம் தந்தவை இரண்டு. சேலையின் உடல் ஒரு நிறத்திலும் கரை வேறொரு நிறத்திலும் வரும்போது, மூன்று நாடாக்களைக் கொண்டு உடலின் ஊடையையும் இரு கரைகளின் ஊடைகளையும் ஒன்றோடொன்று கொக்கியிட்டு நெய்யும் முறை கோர்வை. ஒரு நெசவாளரால் மட்டும் இதைச் செய்ய இயலாது. பக்கத்தில் அமர்ந்து கரையின் நாடாவைச் செலுத்த ஒரு துணையாள் வேண்டும். உடலிலிருந்து முந்திக்கு நிறம் மாறும் இடத்தில், உடலின் பாவிழைகளோடு முந்தியின் பாவிழைகளைச் சேர்த்துப் பிணைத்து, சிறிது தூரம் இரண்டும் கலந்தோடியபின் பழைய இழைகளை வெட்டியெடுக்கும் முறை பேட்னி. கரைக்கும் உடலுக்கும் இடையிலான இணைப்பில் ஓடும் நுண்ணிய பற்களும், முந்தி தொடங்கும் இடத்தில் தெரியும் மெல்லிய வரியும் இவ்விரு முறைகளின் சாட்சிகள். கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு நூலும் சூரத்திலிருந்து வரும் ஜரிகையும் இங்கே வந்து இணைகின்றன. ஜரிகை என்பது பட்டிழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதற்குத் தங்க முலாம் பூசிய இழை. செங்குந்தர், பட்டுச் சாலியர், தேவாங்கர், சௌராட்டிரர் எனப் பல சமூகத்தார் இத்தொழிலில் நெடுங்காலம் ஈடுபட்டுள்ளனர். சுற்றுக் கிராமங்களில் பிற சமூகத்தாரும் தறியில் அமர்ந்தனர். ‘காஞ்சிபுரம் பட்டு’ 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது.

இத்தெருக்களை அழகுக் காட்சியாக மட்டும் விவரிப்பது நேர்மையாகாது. கூலிக்கு நெய்பவர் பட்டையும் ஜரிகையையும் முன்பணத்தையும் முதலாளியிடம் பெற்று, அந்த முன்பணமே கடனாகிக் கட்டுண்ட வரலாறு இங்கு உண்டு; 2003-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, இந்தியப் பட்டுத் தொழிலில் சிறுவர் கொத்தடிமை உழைப்பு நிலவிய இடங்களுள் காஞ்சிபுரத்தையும் சேர்த்துக் கூறியது. கோர்வைக்கு வேண்டிய துணையாள் பெரும்பாலும் வீட்டுச் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்த காலத்தை மறைத்துவிட்டு நுட்பத்தை மட்டும் புகழ முடியாது. முதலாளிகளின் பிடியைத் தளர்த்துவதற்காக வளர்ந்த பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் கூலியையும் சந்தையையும் ஓரளவு சீர்படுத்தின. இவோன் ஆர்ட்டர்பர்ன் என்ற ஆய்வாளர் 1982-இல் காஞ்சியின் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியே தனி நூல் எழுதும் அளவுக்கு அவை செல்வாக்குப் பெற்றிருந்தன. கைத்தறிக்கு உரிய வகைகளை விசைத்தறியில் நெய்வதைத் தடுக்கும் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 1985-இல் வந்தது. ஆயினும் போட்டி நிற்கவில்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும், அதைச் சுற்றியும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் பெருகியதும், மாதச் சம்பளம் என்ற உறுதியை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டின. அவர்கள் தறியை விட்டு எழுந்ததைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. அதன் விளைவு தெருவில் தெரிகிறது: பழைய வீடுகள் இடிந்து மாடிக் கட்டடங்களாகின்றன, பாவு நீண்ட இடத்தில் வாகனங்கள் நிற்கின்றன.

தெருக்களின் மேற்கு முடிவில், வீடுகள் குறைந்து வெளி திறக்கும் இடத்தில், கைலாசநாதர் கோயில் கிழக்கு நோக்கி நிற்கிறது. இரண்டாம் நரசிம்மவர்மன் என்ற ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய இக்கற்றளி, கருங்கல் அடித்தளத்தின் மேல் மணற்கல்லால் ஆனது. அவன் மகன் மூன்றாம் மகேந்திரவர்மன் கட்டிய சிறுகோயில் அதன் முன்னால் உள்ளது. திருச்சுற்றின் மதிலை ஒட்டி வரிசையாக 58 சிற்றாலயங்கள் அமைந்துள்ளன. ராஜசிம்மனின் இருநூறுக்கும் மேற்பட்ட விருதுப் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. நகரின் நடுவில் மூன்று கோயில்களின் இருப்பிடமாக மரபு கண்ட சோமாஸ்கந்த வடிவம், இங்கே கருவறையின் பின்சுவரில் கல்லிலேயே செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு வியந்து, அதைக் கவராமல் கோயிலுக்கே விட்டுச் சென்றதைக் கூறும் கன்னடக் கல்வெட்டு இங்குள்ள ஒரு தூணில் உள்ளது. அவனுடைய அரசி லோகமாதேவி பட்டதக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் இக்கோயிலின் சாயல் தெரிகிறது. சிற்றாலயங்களின் உட்சுவர்களில் சுண்ணச் சாந்துக்கு அடியில் மறைந்திருந்த பல்லவர் ஓவியங்களை 1931-இல் கண்டறிந்தவர் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரோய். ராஜசிம்மனுக்கு நெருங்கிய காலத்துக் கைவண்ணத்தை அத்துண்டுகளில் இன்றும் பார்க்கலாம். அவற்றைத் தொடாமல் பார்ப்பது நடப்பவரின் கடமை.

வாகனத்தில் வருபவர் இக்கோயிலை நகருக்கு வெளியே ஒதுங்கிய தொல்லியல் சின்னமாகவே காண்கிறார். பிள்ளையார்பாளையம் வழியாக நடந்து வருபவருக்கோ அது ஒரு வாழும் குடியிருப்பின் எல்லையில் நிற்கும் கோயில். இந்த வேறுபாட்டுக்காகவே நடைவழியைக் கைலாசநாதரில் தொடங்காமல் அங்கே முடிக்கும்படி அமைப்பது நல்லது. காலை ஆறு மணி அளவில் புறப்படுவது உகந்தது. பாவு நீட்டும் வேலை நடந்தால் அந்த நேரத்தில்தான் காண முடியும், நண்பகலில் கோயில் நடைகள் சாத்தப்படும், வெயிலும் ஏறிவிடும். தெருவில் பாவு கிடந்தால் அதைத் தாண்டக் கூடாது. ஓர் இழை அறுந்தாலும் முடிந்து சேர்ப்பதற்கு நேரம் பிடிக்கும். வீட்டுக்குள் தறியைப் பார்க்க அழைப்பு வேண்டும். படம் எடுக்க அனுமதி வேண்டும். வழிகாட்டுவதாகச் சொல்லிக் கடைக்கு அழைத்துச் சென்று தரகு பெறுவோரைத் தவிர்த்து, கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்களிலோ கோ-ஆப்டெக்ஸிலோ வாங்குவது, நெய்தவருக்கு உரிய பங்கு சேர உதவும்.

மத்திய அரசு 2015-இல் தொடங்கி 2019 வரை நடத்திய ‘ஹிருதய்’ என்னும் மரபு நகர மேம்பாட்டுத் திட்டத்தின் பன்னிரண்டு நகரங்களில் காஞ்சிபுரமும் ஒன்றாக இருந்தது. 2021-இல் நகராட்சி மாநகராட்சியாகவும் உயர்ந்தது. மரபு என்ற சொல் இதுவரை கோயிலையும் குளத்தையுமே பெரும்பாலும் குறித்து வந்திருக்கிறது; நெசவாளர் தெருவும் அதற்குள் வர வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் தறி இன்னும் ஓடும் சில தெருக்களையேனும் தெரிந்தெடுத்து, விடியற்காலையில் அங்கே வாகனங்களை நிறுத்தாமல் தடுத்து, கழிவுநீர்க் கால்வாய்களை மூடி, நடப்பதற்கும் பாவு நீட்டுவதற்கும் ஏற்ற சமதளத்தை அமைத்து, தெருப்பெயர்களை முழுமையாக எழுதி வைக்குமாறு மாநகராட்சியை நகர மக்களும் வருகையாளர்களும் வலியுறுத்த வேண்டும்.